வேண்டாம் என்று சொல்லும் வசதி

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீங்கள் நாலு பேரும் சேர்ந்து பதிவு செய்த பாட்டுகளைக் கேட்டு ஒரு நிறுவனம் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது, கையெழுத்துப் போட்டால் அட்வான்ஸ் தருவதாகச் சொல்கிறது, இரண்டு பேர் சரி என்கிறார்கள், மற்ற இரண்டு பேருக்குத் தயக்கம் என்று எழுதியிருந்தாய். பாட்டுகளையும் கேட்டேன். மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் நின்று பேஸ் கிட்டார் மட்டும் தனியே நடக்கிற இடம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பொறுமை உங்கள் வயதில் எளிதில் வராது.

"போடலாமா, வேண்டாமா மாமா?" என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் இந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒரு குழுவின் கதையைச் சொல்ல வேண்டும். வாஷிங்டனில் 1987-இல் மேடையேறி 2002 வரை வாசித்த ஃபுகாஸி என்ற பங்க் ராக் குழு அது. அவர்களுடைய சில பாட்டுகளை நீ கேட்டிருப்பாய். அந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்குப் புத்தகத்தைப் பற்றித்தான் நான் எழுதப் போகிறேன். பதினைந்து வருடம் யாருக்கும் கட்டுப்படாமல் நாலு பேர் எப்படி வாசித்தார்கள் என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.

கதை ஃபுகாஸிக்கு எட்டு வருடம் முன்பே தொடங்குகிறது. 1979 பிப்ரவரியில், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் வானொலி நிலையத்தைக் காப்பாற்றுவதற்காக 'தி கிராம்ப்ஸ்' என்ற குழு அங்கே ஒரு நிகழ்ச்சி நடத்தியது. கூட்டத்தில் இயன் மெக்கை என்ற பள்ளிக்கூடப் பையனும் இருந்தான். அவன் பார்த்த முதல் பங்க் நிகழ்ச்சி அதுதான். அதே நகரத்தில் அப்போது 'பேட் பிரெய்ன்ஸ்' என்ற கறுப்பின இளைஞர்களின் குழு வாசித்துக்கொண்டிருந்தது. வேகத்திலும் துல்லியத்திலும் அவர்களுக்கு இணையாக அன்றைக்கு யாருமில்லை. இவர்களைப் பார்த்த பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு வாத்தியத்தை எடுத்துக்கொண்டார்கள். இயனும் நண்பர்களும் 'டீன் ஐடில்ஸ்' என்று ஒரு குழு தொடங்கினார்கள். இயன் பேஸ் கிட்டார், ஜெஃப் நெல்சன் டிரம்ஸ்.

அந்தக் குழு ஒரு வருடம்தான் நீடித்தது. ஆனால் அவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. வாசித்துக் கிடைத்த பணத்தை ஆளுக்குக் கொஞ்சம் என்று பிரித்துக்கொள்ளாமல் அப்படியே சேர்த்து வைத்தார்கள். 1980 கடைசியில் குழு கலைந்தபோது கையில் சுமார் 600 டாலர் இருந்தது. நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 150 டாலர், ஒரு மாதத்தில் செலவாகிவிடும். அப்படிச் செய்யாமல், ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்த எட்டுப் பாட்டுகளை அந்தப் பணத்தில் ஒரு சிறு இசைத்தட்டாக வெளியிட்டார்கள். தட்டு வெளியாகும்போது குழுவே இல்லை. அதை வெளியிடுவதற்காக வைத்த பெயர்தான் டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ்.

உறை அச்சடித்து ஒட்டித் தருவதற்குப் பணமில்லை. ஒரு வெளிநாட்டு இசைத்தட்டின் உறையைப் பிரித்து, அதன் வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து, அதே அளவில் அச்சடித்து, கத்தரித்து, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். நண்பர்கள் கூட்டமாக உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் இப்படி உறை செய்தார்கள். தட்டு விற்று வரும் பணத்தில் நகரத்தில் இருக்கும் இன்னொரு குழுவின் தட்டைப் போடுவது, அது விற்றால் அடுத்த குழு. டிஸ்கார்டின் முதலீட்டுத் திட்டம் அவ்வளவுதான். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த லேபிள் இன்றும் நடக்கிறது. பிறருடைய முதலீடு வராததால் பிறருடைய அவசரமும் வரவில்லை.

அடுத்து இயனும் ஜெஃப்பும் தொடங்கியது 'மைனர் த்ரெட்'. இயன் பாடகரானார். மொத்தமே மூன்று வருடம், 1980 முதல் 1983 வரை. பாட்டுகள் பெரும்பாலும் ஒன்றரை நிமிடம், சில அதற்கும் குறைவு. குடி வேண்டாம், போதை வேண்டாம் என்று இயன் தன்னைப் பற்றி எழுதிய ஒரு சின்னப் பாட்டு உலகம் முழுக்க ஓர் இயக்கமாகவே பரவியது. தன் வாழ்க்கையைப் பற்றித்தான் எழுதினேன், ஊருக்குச் சட்டம் போடவில்லை என்று அவர் பல வருடம் விளக்க வேண்டியிருந்தது. குழு பெயரெடுத்துக்கொண்டிருந்தபோதே உள்ளே கருத்து வேறுபாடு முற்றியது. இன்னும் பெரிய அளவுக்குப் போகலாம், சத்தத்தை மாற்றலாம் என்று சிலர் நினைத்தார்கள். நாலு பேருக்கும் ஒரே திசை இல்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் அவர்கள் படித்த இன்னொரு பாடமும் உண்டு. தட்டு நன்றாக விற்றது. விற்ற தட்டுக்கான பணம் கடைக்காரர்களிடமிருந்தும் விநியோகஸ்தர்களிடமிருந்தும் வந்து சேர மாதக்கணக்காகும். அதற்குள் தட்டு தீர்ந்துபோகும், மறுபடி அச்சடிக்கக் கையில் காசிருக்காது. வெற்றியே நெருக்கடியாகிவிட்டது. லண்டனில் சதர்ன் ஸ்டுடியோ நடத்திய ஜான் லோடர் அச்சுச் செலவைத் தான் போடுகிறேன், விற்ற பிறகு கழித்துக்கொள்கிறேன் என்று முன்வந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. சுதந்திரமாக இருப்பது என்றால் யாருடைய உதவியும் இல்லாமல் இருப்பது என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். நம்பகமான ஆள், புரிகிற கணக்கு, பாட்டின் மீது உரிமை கொண்டாடாத உதவி. இந்த மூன்றும் இருந்ததால்தான் அவர்கள் கை நீட்டினார்கள்.

1985 வாக்கில் வாஷிங்டன் நிகழ்ச்சிகளுக்கு அடிதடிக்காகவே ஒரு கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. பழைய ஆட்கள் வெறுத்துப்போய் விலகினார்கள். அந்தக் கோடையில் அதே ஆட்களில் பலர் புதுக் குழுக்களோடு திரும்பி வந்தார்கள். வேகத்தை மட்டும் நம்பாமல் மனதைத் திறந்து பாடினார்கள். இயன் தொடங்கிய 'எம்ப்ரேஸ்' ஒரு வருடத்துக்குள் நின்றுவிட்டது. கீ பிச்சொட்டோ பாடி, பிரெண்டன் கேண்டி டிரம்ஸ் வாசித்த 'ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்' மிகச் சில நிகழ்ச்சிகளே நடத்தியது. ஆனால் அவற்றைப் பார்த்தவர்கள் அதை மறக்கவே இல்லை.

இத்தனை தொடக்கங்களும் முடிவுகளும் கண்ட பிறகுதான் ஃபுகாஸி. இயன் இந்த முறை அவசரப்படவில்லை. ஜோ லாலி என்ற பேஸ் கிட்டார்காரரோடு மாதக்கணக்காக ஒத்திகை பார்த்தார். டிரம்ஸுக்கு பிரெண்டன் வந்து சேர்ந்தார். 1987 செப்டம்பர் 3-ஆம் தேதி வாஷிங்டனில் வில்சன் சென்டர் என்ற இடத்தில் முதல் நிகழ்ச்சி. கீ அப்போது குழுவில் இல்லை. நண்பராகக் கூடவே வந்து, பின்பாட்டுப் பாடி, ஆடி, மெல்ல மெல்ல நாலாவது ஆளானார். கிட்டாரைக் கையில் எடுத்தது அதற்கும் பிறகு. 1988-இல் ஒரு விளையாட்டுக் கூடத்தில் கூடைப்பந்து வளையத்துக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அவர் பாடிய காட்சி படமாக இருக்கிறது, தேடிப் பார். இரண்டு கிட்டாரும் இரண்டு குரலும் ஒன்றையொன்று கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற சத்தம் 1990-இல் 'ரிப்பீட்டர்' இசைத்தட்டில்தான் முழுமையாகக் கூடி வந்தது. உங்கள் குழுவில் யார் என்ன செய்வது என்று இன்னும் தெளிவில்லை என்று நீ வருத்தப்பட்டிருந்தாய். வருத்தப்படாதே. அது நாள் எடுக்கும் காரியம்.

இனி நான் சொல்ல வந்த கணக்குக்கு வருகிறேன்.

ஃபுகாஸி சில முடிவுகளை ஆரம்பத்திலேயே எடுத்தது. டிக்கெட் 5 டாலருக்கு மேல் போகக் கூடாது. எல்லா வயதினரும் உள்ளே வரலாம். டி-ஷர்ட், தொப்பி, சுவரொட்டி எதுவும் விற்க மாட்டோம். மேனேஜர் கிடையாது, ஊர் ஊராக நிகழ்ச்சி பிடித்துத் தரும் ஏஜென்ட் கிடையாது. நிகழ்ச்சி ஏற்பாட்டை இயனே தொலைபேசியில் பேசி முடிப்பார். ஊர்விட்டு ஊர் வேனில் போவார்கள். ஆரம்ப வருடங்களில் தெரிந்தவர்கள் வீட்டுத் தரையில் படுத்துக்கொள்வார்கள். சொந்த ஊரான வாஷிங்டனில் வாசித்தால் அது இலவசமாக இருக்கும், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுவதாக இருக்கும்.

இவற்றைப் பலர் துறவியின் விரதம் போலப் பார்த்தார்கள், பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. மதுக்கூடத்தில் வாசித்தால் வயது குறைந்த பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். பங்க் இசை யாருக்காகப் பிறந்ததோ அந்தப் பிள்ளைகளே வாசலில் நிற்க வேண்டியிருக்கும். பதினாறு, பதினேழு வயதில் அந்த வாசலில் நின்றவர்கள்தான் இவர்கள். அதனால் தேவாலயக் கூடம், பள்ளி ஜிம், சமூகக் கூடம், பழைய தியேட்டர் என்று இடம் தேடினார்கள். 5 டாலர் என்றால் பள்ளிப் பையன் தன் கைச்செலவுப் பணத்தில் வரலாம். பிடிக்காவிட்டாலும் பெரிதாக நஷ்டமில்லை. அந்தத் தைரியத்தில் புதிதாகப் பலர் வருவார்கள். 500 பேர் வந்தால் 2,500 டாலர். கூடத்துக்கு வாடகை, ஒலி அமைப்பு, முன்னால் வாசித்த குழுக்களுக்குப் பங்கு எல்லாம் போக மீதி இவர்களுடையது. நடுவில் சதவீதம் எடுக்க ஆளில்லை. எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டத் தாண்ட, 5 டாலரிலேயே நாலு குடும்பம் பிழைக்க முடிந்தது.

டிஸ்கார்டும் அதே மாதிரிதான். குழுக்களோடு எழுத்து ஒப்பந்தம் கிடையாது. செலவு போக மிஞ்சும் லாபத்தில் குழுவுக்குப் பங்கு, வாய்ச்சொல்தான் சாட்சி. கடைக்காரர் விலையை ஏற்றி விற்றுவிடக் கூடாது என்று, தபால் செலவு உட்பட இன்ன விலை என்று இசைத்தட்டின் மேலேயே அச்சடித்தார்கள். பதிவு செய்தது பெரும்பாலும் ஆர்லிங்டனில் டான் ஸியன்டாரா நடத்திய இன்னர் இயர் ஸ்டுடியோவில். அவருடைய வீட்டின் அடித்தளத்தில் தொடங்கிய இடம் அது. எல்லாமே கைக்கெட்டும் தூரம், எல்லாமே தெரிந்த ஆட்கள், எல்லாமே தாங்கக்கூடிய செலவு.

இதில் நீ எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். குறைந்த செலவில் வாழத் தெரிந்ததால் அவர்களுக்கு யாரிடமும் 'வேண்டாம்' என்று சொல்ல முடிந்தது. அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு வசதி வேண்டும். பெரிய வருமானத்தால் வருகிற வசதி ஒரு வகை. சின்னச் செலவால் வருவது இன்னொரு வகை. இரண்டாவது வகை உன் கையில், இன்றைக்கே இருக்கிறது.

அவர்கள் 'வேண்டாம்' என்று சொன்னவற்றைப் பார். ஊர் ஊராகப் போகும் பெரிய ராக் திருவிழாவுக்கு அழைப்பு வந்தது. டிக்கெட் விலை எங்கள் அளவில் இருக்க முடியுமா என்று கேட்டார்கள், முடியாது என்றதும் போகவில்லை. மது, சிகரெட் விளம்பரம் போடும் பெரிய பத்திரிகைகளுக்குப் பேட்டி தரவில்லை. கையால் எழுதி ஒட்டிய சின்னச் சின்னப் பத்திரிகைகளை நடத்தும் பிள்ளைகளோடு மணிக்கணக்காக உட்கார்ந்து பேசினார்கள். 1991-இல் நிர்வாணா குழுவின் இசைத்தட்டு விற்ற விற்பனையைப் பார்த்து, பெரிய நிறுவனங்கள் எல்லாம் பங்க் குழுக்களைத் தேடி ஓடிவந்தன. 1993-இல் நியூயார்க் நிகழ்ச்சி முடிந்ததும் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸை நிறுவிய அகமத் எர்டெகனே இவர்களைப் பார்க்க மேடைக்குப் பின்னால் வந்தார். ரே சார்லஸின் இசைத்தட்டுகளை வெளியிட்ட மனிதர் அவர். மரியாதையோடு பேசினார்கள், மரியாதையோடு மறுத்தார்கள். அதே வருடம் வெளிவந்த 'இன் ஆன் த கில் டேக்கர்' இசைத்தட்டு, பெரிய கம்பெனி எதுவும் இல்லாமலே பில்போர்டு 200 பட்டியலில் இடம்பிடித்தது.

அந்த இசைத்தட்டின் கதையில் உனக்கு ஒரு பாடம் இருக்கிறது. முதலில் சிகாகோ போய் ஸ்டீவ் ஆல்பினி என்ற ஒலிப்பதிவாளரிடம் பதிவு செய்தார்கள். இரு தரப்புக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குப் பெரிய மதிப்பு, பதிவு செய்த நாட்களும் மகிழ்ச்சியாகவே போயின. ஊருக்கு வந்து கேட்டபோது, இது சரியாக வரவில்லை என்று தோன்றியது. அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, டெட் நைஸ்லி என்ற தயாரிப்பாளரோடு இன்னர் இயரில் மறுபடி முதலிலிருந்து பதிவு செய்தார்கள். வெளியீட்டுத் தேதியைக் கேட்டு நெருக்க யாராவது இருந்திருந்தால், முந்தைய பதிவின் செலவு அட்வான்ஸில் கழிந்துகொண்டிருந்தால், அப்படி ஒதுக்கியிருக்க முடியுமா? காலம் தன் கையில் இருக்கிறவனுக்குத்தான் 'இன்னும் நன்றாக வரும்' என்று காத்திருக்க முடியும்.

அதே ஆல்பினி அதே 1993-இல், 'தி பாஃப்லர்' என்ற இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும் ஒரு கற்பனைக் குழுவின் வரவுசெலவை வரிவரியாகப் போட்டுக் காட்டினார். பதிவுச் செலவு, வீடியோ செலவு, மேனேஜர் பங்கு, வக்கீல் கட்டணம், டூர் செலவு எல்லாம் குழுவின் ராயல்டியிலிருந்தே கழிக்கப்படும். அவர் கணக்குப்படி, அந்தக் குழு இரண்டரை லட்சம் பிரதி விற்ற பிறகும் உறுப்பினர் ஒருவருக்குக் கிடைப்பது 4,031 டாலர் சொச்சம். நிறுவனத்துக்கு இன்னும் கடன் பாக்கி இருக்கும். தேடிப் படி. உன் நண்பர்கள் மூன்று பேரையும் படிக்கச் சொல். அட்வான்ஸ் என்பது சம்பளம் இல்லை, பாட்டை ஈடாக வைத்து வாங்கும் கடன் என்று அதைப் படித்தால் புரியும்.

ஒப்பந்தம் போட்டவர்களை நான் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. டிஸ்கார்டிலேயே இருந்த 'ஜாபாக்ஸ்' அட்லாண்டிக்குக்கும், 'ஷடர் டு திங்க்' எபிக் நிறுவனத்துக்கும் போனார்கள். இரண்டும் நல்ல குழுக்கள், போன பிறகும் நல்ல இசைத்தட்டுகளைத் தந்தார்கள். டிஸ்கார்டுக்காரர்கள் யாரையும் கட்டிப்போடவில்லை, கட்டிப்போட ஒப்பந்தமும் இல்லையே. போகிறவர் போகலாம் என்ற கதவு திறந்திருந்ததால்தான், இருந்தவர்கள் விரும்பி இருந்தார்கள்.

மேடையில் அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் ஒருவரையொருவர் முட்டி மோதி அடித்துக்கொள்வதை அவர்கள் சகித்துக்கொள்ளவில்லை. முன்வரிசையில் நசுங்குவது சின்னப் பிள்ளைகளும் பெண்களும்தான் என்று பார்த்தார்கள். பாட்டை நடுவில் நிறுத்தி, அடிக்கிற ஆளைப் பார்த்து நேராகப் பேசுவார் இயன். மரியாதையாகத்தான் பேசுவார். கேட்காவிட்டால் அவனை வெளியே கூட்டிக்கொண்டு போய், அவனுடைய 5 டாலரை ஓர் உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பெண்களைத் தெருவில் சீண்டுவதைப் பற்றி 'சஜஷன்' என்று ஒரு பாட்டை முதல் இசைத்தட்டிலேயே வைத்திருந்தார்கள். அப்படிப் பாடிவிட்டு, தங்கள் மேடைக்கு எதிரிலேயே ஒரு பெண் நசுங்குவதைப் பார்த்துக்கொண்டு வாசிக்க அவர்களால் முடியவில்லை. உங்கள் நிகழ்ச்சிக்கு ஒரு பெண் தனியாக வந்து, முன்னால் நின்று, கேட்டுவிட்டுப் பத்திரமாக வீடு திரும்ப முடிகிறதா என்று நீங்கள் நாலு பேரும் கவனிக்க வேண்டும். அதுவும் உங்கள் இசையில் ஒரு பகுதிதான்.

அவர்களுடைய அரசியலும் அப்படித்தான், சொல்லோடு நிற்கவில்லை. 1991 ஜனவரி 12-ஆம் தேதி, வளைகுடாப் போர் தொடங்க நாலைந்து நாள் இருக்கும்போது, வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபயெட் பூங்காவில் குளிரில் நின்று போருக்கு எதிராக வாசித்தார்கள். லார்ட்டன் சிறைக்குள் போய்க் கைதிகளுக்கு வாசித்தார்கள். இதற்கெல்லாம் நிறுவனத்தின் அனுமதி, விளம்பரதாரரின் முகச்சுளிப்பு என்று எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இத்தனையும் இருந்து பாட்டு நன்றாக இல்லையென்றால் யாரும் இன்று அவர்களைப் பற்றிப் பேசமாட்டார்கள். நீ அதை மறந்துவிடாதே. அவர்கள் மேடையேறும்போது பாட்டுப் பட்டியல் எழுதி வைத்துக்கொண்டதில்லை. ஒருவர் ஒரு பாட்டை எடுத்தால் மற்றவர்கள் அந்த நொடியே சேர்ந்துகொள்ள வேண்டும். அதற்கு எல்லாப் பாட்டும் நாலு பேருக்கும் விரல் நுனியில் இருக்க வேண்டும், ஒருவர் காது மற்றவர் பக்கமே இருக்க வேண்டும். எத்தனை ஒத்திகை பார்த்திருந்தால் இது கைவரும் என்று யோசித்துப் பார். பாட்டை எழுதியவர் யார் என்று தனித்தனியே போடாமல் நாலு பேருக்கும் சமமாகப் பெயர் போட்டார்கள். எத்தனையோ குழுக்கள் உடைந்த இடம் அது. எந்தப் பாட்டு யாருடையது, யாருக்கு எவ்வளவு என்ற சண்டை முளைக்கவே அவர்கள் இடம் வைக்கவில்லை.

ஒரே மாதிரியும் அவர்கள் வாசிக்கவில்லை. முதல் இசைத்தட்டில் இருந்த 'வெயிட்டிங் ரூம்' பாட்டின் பேஸ் கிட்டார் ஓட்டம் உலகம் முழுக்கப் பிள்ளைகள் முதலில் பழகும் பாடங்களில் ஒன்றாகிவிட்டது. அதையே திருப்பித் திருப்பிச் செய்திருந்தால் நன்றாகவே விற்றிருக்கும். 1995-இல் 'ரெட் மெடிசின்', 1998-இல் 'எண்ட் ஹிட்ஸ்', 2001-இல் 'தி ஆர்கியுமென்ட்' என்று ஒவ்வொன்றிலும் வேறு பக்கம் போனார்கள். கடைசி இசைத்தட்டில் இரண்டாவது டிரம்ஸ், செல்லோ, மென்மையான பாட்டு எல்லாம் வந்தன. அதுதான் அவர்களுடைய உச்சம் என்பது என் கருத்து. பதினான்கு வருடம் வாசித்த பிறகு தங்களுடைய ஆகச் சிறந்ததைத் தந்த ராக் குழுக்கள் மிகக் குறைவு.

அதன் பிறகு நிறுத்தினார்கள். 2002 நவம்பரில் லண்டனில் வாசித்ததுதான் கடைசி. சண்டையில்லை, வழக்கில்லை, விடைபெறும் சுற்றுப்பயணம் என்று டிக்கெட் விற்கவும் இல்லை. வீட்டில் குழந்தைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள், குடும்பப் பொறுப்புகள் கூடின, முன்போல மாதக்கணக்கில் வேனில் சுற்ற முடியவில்லை. முழு மனதோடு செய்ய முடியாததைப் பாதி மனதோடு செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும், ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியா, பிரேசில் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் அதற்குள் நடந்திருந்தன. அவற்றில் 800-க்கும் மேற்பட்டவற்றின் ஒலிப்பதிவை அவர்களுடைய ஒலிப் பொறியாளர்கள் சேர்த்து வைத்திருந்தார்கள். 2011 முதல் அவற்றை ஒவ்வொன்றாக இணையத்தில் வெளியிடத் தொடங்கினார்கள். ஒரு நிகழ்ச்சிக்கு அவர்கள் சொன்ன விலை 5 டாலர்தான். பாட்டும் பதிவும் முழுக்க அவர்களுடைய சொத்தாக இருந்ததால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. நாலு பேரும் இன்னும் நண்பர்கள். ஜோவும் பிரெண்டனும் 'மெஸ்தெடிக்ஸ்' குழுவில் ஒன்றாக வாசிக்கிறார்கள். இயனும் ஜோவும் 'கொரிக்கி' என்ற குழுவில் சேர்ந்து 2020-இல் இசைத்தட்டு வெளியிட்டார்கள். ஒரு குழுவின் வெற்றியை நான் இதை வைத்துத்தான் அளப்பேன்.

மாப்பிள்ளை, இனி உன் விஷயம். அவர்களுடைய விதிகளை அப்படியே பெயர்த்து உன் வாழ்க்கையில் ஒட்டாதே. அவர்கள் வளர்ந்தது ஒரு நாட்டின் தலைநகரத்தில். குறைந்த வாடகைக்கு ஒரு வீடு எடுத்து, அதிலேயே தங்கி, கீழ்த்தளத்தில் ஒத்திகை பார்த்து, மாடியிலேயே அலுவலகம் வைக்க முடிந்த காலம் அது. விழுந்தால் தாங்குவதற்குப் பெரும்பாலும் குடும்பங்கள் இருந்தன. உனக்கு அக்காவின் மாத்திரைச் செலவு இருக்கிறது, தங்கையின் படிப்பு இருக்கிறது. இசைத்தட்டு விற்றுப் பிழைக்கிற காலமும் போய்விட்டது. ஆகையால் 5 டாலர் டிக்கெட் என்பது உனக்கு விதி ஆகாது, டி-ஷர்ட் விற்பது பாவமும் ஆகாது. உனக்கான விதி எது என்று நீங்கள் நாலு பேரும் உட்கார்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

நீ கேட்டதற்கு என் பதில் இது: இந்த ஒப்பந்தத்தில், இந்த வடிவத்தில், இப்போது கையெழுத்துப் போடாதே. நீ அனுப்பிய நகலில், பதிவு செய்த பாட்டுகள் என்றென்றைக்கும் அவர்களுக்கே சொந்தம் என்று இருக்கிறது. இனி நீங்கள் எழுதப்போகும் பாட்டுகளையும் முதலில் அவர்களிடமே தர வேண்டும் என்று இருக்கிறது. அட்வான்ஸிலிருந்து என்னென்ன செலவு கழிக்கப்படும் என்பது தெளிவாக இல்லை. இந்த மூன்றையும் மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். குறிப்பிட்ட வருடங்களுக்குப் பிறகு உரிமை உங்களுக்கே திரும்பி வருமா, செலவுக் கணக்கை நீங்கள் பார்க்கலாமா, ஒரு இசைத்தட்டோடு விலகிக்கொள்ளலாமா என்று எழுத்தில் கேளுங்கள். பதிப்புரிமைச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள், அந்தக் கட்டணத்தை நான் தருகிறேன். நியாயமாக மாற்றித் தந்தால் தாராளமாகப் போடுங்கள். தரமாட்டேன் என்றால், அது உங்கள் பாட்டுக்கான விலை இல்லை, உங்கள் அவசரத்துக்கான விலை.

நீ இப்போது பார்க்கும் வேலையை விடாதே. இந்த வேலை உன் இசைக்கு எதிரி என்று நீ நினைக்கிறாய். இன்றைக்கு உன் இசைக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் பலத்தைக் கொடுப்பதே அந்தச் சம்பளம்தான். நிகழ்ச்சிக்கு வரும் பணத்தைப் பிரித்துக்கொள்ளாமல் நாலு பேர் பெயரிலும் ஒரு கணக்கில் போட்டு வையுங்கள். எந்தப் பாட்டானாலும் நாலு பேருக்கும் சமபங்கு என்பதைப் பணம் வருவதற்கு முன்பே, நட்பு நன்றாக இருக்கும்போதே, ஒரு தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஃபுகாஸிக்கு வாய்ச்சொல் போதுமாக இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் தங்கள் குழுக்கள் உடைவதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். உங்களுக்கு இது முதல் குழு, எழுதி வைப்பது நல்லது.

செய்ய மாட்டோம் என்பவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். எந்த விளம்பரத்துக்குப் பாட்டைத் தரமாட்டீர்கள், எந்த மேடையில் ஏறமாட்டீர்கள், எந்த மாதிரி கூட்டத்துக்கு முன்னால் வாசிக்கமாட்டீர்கள். பட்டியல் சின்னதாக இருக்கட்டும், மூன்று வரி போதும். ஆசை காட்டும் நாளில் யோசித்து முடிவெடுக்க யாராலும் முடியாது. அதற்கு முன்பே எடுத்த முடிவுதான் அன்றைக்குக் கைகொடுக்கும். வருடத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து அந்தத் தாளைத் திருத்திக்கொள்ளுங்கள். ஒத்துப்போகாத வருடம் வந்தால், பகையில்லாமல் பிரிந்துகொள்ளுங்கள்.

அந்தக் குழுவைக் கேட்க வேண்டும் என்றால் 'ரிப்பீட்டர்' முதலில், 'தி ஆர்கியுமென்ட்' அடுத்தது. இரண்டுக்கும் இடையில் பதினோரு வருட உழைப்பு இருக்கிறது என்பதை மனதில் வைத்துக் கேள். ஜெம் கோஹன் என்ற இயக்குநர் அவர்களோடு பத்து வருடத்துக்கும் மேல் சுற்றிப் படம்பிடித்து 1999-இல் வெளியிட்ட 'இன்ஸ்ட்ருமென்ட்' ஆவணப்படத்தை நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். பிறகு தாளை எடுங்கள். நீங்கள் எழுதும் விதிகள் அவர்களுடையவற்றிலிருந்து முற்றிலும் வேறாக இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். அவற்றை நீங்களே எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. அடுத்த பாட்டு எப்போது அனுப்புகிறாய்?

அன்புடன்,
உன் மாமா